மோனே அணையை உடைத்தது கிப்சனின் குண்டு அல்ல

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தாக்குதலை வழிநடத்திய விமானி கை கிப்சன். அவர் போட்ட குண்டில்தான் ஜெர்மனியின் மோனே அணை உடைந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தவறு. 1943 மே 16 இரவு முதலில் இறங்கியவர் அவர்தான். ஆனால் குண்டு அணையின் மதிலை எட்டும் முன்பே மூழ்கி வெடித்துவிட்டது. அடுத்து விமானி ஹாப்குட். அவருடைய குண்டு மதிலைத் தாண்டிப் போனது, விமானமும் சுடப்பட்டு விழுந்தது. மூன்றாவதாக மார்ட்டின் இறங்கியபோது கிப்சன் கூடவே பறந்து பீரங்கிச் சூட்டைத் தன் பக்கம் இழுத்தார். குண்டு தீர்ந்தவர் வீடு திரும்பியிருக்கலாம். அவருடைய துணிச்சலை நான் அங்கேதான் பார்க்கிறேன். ஐந்தாவதாக வந்த மால்ட்பியின் குண்டுக்குத்தான் மதில் பிளந்தது.

குண்டு போட்ட உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 அடி! அவ்வளவு தாழ்வில், இருட்டில், காற்றழுத்த உயரமானியை நம்ப முடியாது. அதனால் அவர்கள் ஓட்டிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிற்றில் இரண்டு விளக்குகள். இரண்டு ஒளிவட்டமும் நீர்ப்பரப்பில் ஒட்டி எட்டுப் போலத் தெரிந்தால் சரியான உயரம். அதற்கு மேலிருந்து போட்டால் குண்டு நீரில் மோதிச் சிதறும். குண்டை நிமிடத்துக்கு 500 சுற்று பின்னோக்கிச் சுழலவிட்டதும் சும்மா இல்லை: நீரின் மேல் தத்தித் தத்தி, டார்பிடோக்களைத் தடுக்கக் கட்டிய வலைகளைத் தாண்டிய குண்டு, மதிலை ஒட்டியே இறங்கி 30 அடி ஆழத்தில் வெடிக்க வேண்டும்.

அன்றைய தாக்குதலுக்குப் போனவை 19 விமானங்கள். 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள்.