அந்த 10 சதவீதம் ஏஐ எழுத்துக்கான அளவு இல்லைங்க

"ஏஐ ஸ்கோர் 10 சதவீதத்தைத் தாண்டினால் யுஜிசி விதிப்படி புராஜெக்ட் ரத்து"ன்னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். ஏஐ ஸ்கோர்ங்கிறது, எழுத்துல எவ்வளவு ஏஐ எழுதினதுன்னு ஒரு மென்பொருள் சொல்ற சதவீதம். அவர் சொல்றது தப்புங்க. யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் வர்ற 10, 40, 60 எல்லாம், ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிறதுக்கான அளவு. அதிலேயே 10 முதல் 40 வரை ரத்து கிடையாது. திருத்தி, 6 மாசத்துக்குள்ள திரும்பக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஏஐ ஸ்கோர் வெறும் ஊகம். காப்பியடிச்ச வரின்னா மூலத்தைப் பக்கத்துல வெச்சுக் காட்டலாம்; இதுல காட்ட ஒண்ணுமே இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கின ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதலைன்னு ஜூலையில் எடுத்துடுச்சு. மனுஷங்க எழுதினதில் 9 சதவீதத்தை அது ஏஐன்னு சொல்லிச்சு. அடுத்த சொல் எளிதா ஊகிக்கிற மாதிரி இருந்தாலே இந்தக் கருவிகள் பல சந்தேகப்படும். தமிழ் மீடியத்திலிருந்து வந்து, தெரிஞ்ச சொல்லை வெச்சு சின்னச் சின்ன வாக்கியமா எழுதுற பிள்ளைங்க மாட்டுறது இதனாலதான். அது பெரிய அநியாயம்.

சந்தேகம் வந்தா பத்து நிமிஷம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வைங்க. கோயமுத்தூர்ல பம்ப்செட் புராஜெக்ட்டுக்கா பஞ்சம்? "ஹெட் (தண்ணியை ஏத்துற உயரம்) 20 மீட்டர்ல இருந்து 30 ஆனா டிஸ்சார்ஜ் (வெளிவர்ற தண்ணி அளவு) எவ்வளவு குறையும், உன் கர்வ்லயே (வரைபடத்துலயே) காட்டு"ன்னு கேளுங்க. பம்பைத் தானே டெஸ்ட் பண்ணின பையன் விரலை வெச்சுக் காட்டுவான். கூடவே ரீடிங் நோட்டையும் கூகுள் டாக்ஸ் வெர்ஷன் ஹிஸ்டரியையும் (எப்போ என்ன எழுதினாங்கங்கிற பதிவு) பாருங்க. மொத்தமா ஒரே பேஸ்ட்டா இருந்தாலும் உடனே முடிவு கட்டாதீங்க. வேற ஃபைல்ல அடிச்சிருக்கலாம், அந்த ஃபைலைக் கேளுங்க.