மிசின் போன பிறகு ஆர் பார்க்கிறது?

ரெண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நம் ஊர்க் கண்காட்சியில், கண்ணிவெடி எடுக்கிற மிசினைப் பற்றி ஒரு அம்மா கேள்வி கேட்க, கூட்டமே சிரித்த அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். காரைக்குடியில் இன்னும் அதைப் பார்க்காதவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம். நீங்கள் எல்லாரும் சிரித்த அந்த "விவரம் புரியாத அம்மா" எங்கள் வீட்டு விருந்தாளி. என் தம்பி மனைவிக்கு அக்கா முறை. காதுகுத்துக்காகக் கிளிநொச்சியிலிருந்து வந்தவர்.

பையன்கள் செய்த அந்த மிசின் மாடலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சங்கிலி சுற்றுகிறது, மண் பறக்கிறது, தூரத்தில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிறான். முதல் பரிசு சரிதான். மேடையேறியவர்தான் "இனிமே கண்ணிவெடி நிலத்துல ஒரு மனுஷன் கால் வைக்க வேண்டியதில்லை" என்று முழங்கினார். அக்கா எழுந்து கேட்டது ஒரே கேள்வி. "மிசின் போன பிறகு ஆர் போய்ப் பார்க்கிறது?" அதற்கு அவர், "அம்மா, உலகம் எங்கயோ போயிருச்சு" என்றார். கூட்டம் சிரித்தது. இப்போது ஊர் குரூப்பில் சிரிப்புப் பொம்மைகளோடு சுற்றுகிறது.

உலகம் எங்கேயும் போகவில்லை ஐயா. மிசின் போன பிறகு ஆள்தான் போக வேண்டும்.

அக்கா ஏழு வருஷம் இலங்கையின் வடக்கே முகமாலையில் மிதிவெடி, அதாவது மிதித்தால் வெடிக்கிற கண்ணிவெடி, எடுத்தவர். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 ரோட்டில், வருஷக்கணக்காக இலங்கை ராணுவமும் புலிகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இடம். இரண்டு பக்கமும் புதைத்தார்கள். அங்கே கிடந்த பி4 ரக மிதிவெடி உள்ளங்கையில் அடங்கும், பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே 30 கிராம் அளவுக்கு வெடிமருந்து. ஒரு காலை எடுக்க அது போதும். எங்கள் டிராக்டர் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, பல் வைத்த வாரியால் மண்ணை எப்படி இழுப்பது என்று காட்டினார். மேலிருந்து குத்தக்கூடாதாம். முன்னால் குழி மாதிரி வெட்டிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்ல தன் பக்கம் சுரண்ட வேண்டும். காட்டி முடிப்பதற்குள் என் மகன் இரண்டு தடவை கொட்டாவி விட்டுவிட்டான். அக்காவின் முட்டி இரண்டும் காய்த்துக் கறுத்திருக்கிறது.

"உனக்கு டெக்னாலஜி பிடிக்காது" என்று யாரோ ஆரம்பிப்பீர்கள். நான் டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவன் சாமி. 2011இல் கடன் வாங்கி எடுத்தேன். அதனால்தான் சொல்கிறேன். புதுவயல் பக்கம் ஒரு கொல்லையில் கோரை மண்டிக் கிடந்தது. நாலு சால் ஓட்டிவிட்டு "சுத்தம்" என்று காசு வாங்கிக்கொண்டு வந்தேன். இருபது நாளில் அந்த ஆள் போன் பண்ணிக் கத்தினார். கோரைக்கிழங்கைத் துண்டு துண்டாக்கிக் கொல்லை முழுக்க விதைத்திருக்கிறேன்! வரப்பு ஓரம் ஒரு முழத்துக்கு என் வண்டி தொடவே இல்லை. அப்பா அன்றைக்கே களைக்கொட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போகச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

அதே கதைதான் இதுவும். குரோஷியாவின் எம்வி-4 என்கிற கண்ணிவெடி மிசின் ஐந்து டன்னுக்கு மேல் எடை. சங்கிலி நுனியில் சுத்தியல் கட்டி, மண்ணை அடித்துக்கொண்டே போகும். வெடித்தால் அதற்கு வலிக்காது. புதரையும் சேர்த்து அடித்துத் தள்ளும், அது பெரிய உதவி. ஆனால் பதுங்குகுழியில், மண் அணைச் சரிவில், பனங்கட்டைகளுக்கு நடுவில் அது திணறும். சில வெடி நொறுங்கும், வெடிக்காது. மருந்தும் துண்டும் மண்ணில் சிதறிக் கிடக்கும். அதற்குப் பின்னால் ஆளோ நாயோ போய்ப் பார்த்தால்தான் "இது விவசாயம் பண்ணலாம்" என்று கையெழுத்துப் போட முடியும்.

"உக்ரைன்ல எல்லாம் மெஷின்தானே" என்று ஒருவர் கமென்டில் கேட்டார். மிசின் போயிருக்கிறது, உண்மை. பின்னாலேயே டிடெக்டரோடு ஆள் நடப்பதும் உண்மை. "உயிர் போகக்கூடாதுன்னுதானே மிசின்?" ஆமாம், முன்னால் மிசினே போகட்டும், நூறு மிசின் போகட்டும். அதை நானும் அக்காவும் வேண்டாம் என்றோமா? "சொந்தக்காரி என்பதால் பேசுகிறாய்" என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஆமாம்.

கம்போடியாவில் வெடி மோப்பம் பிடித்த மகாவா என்ற எலிக்கு 2020இல் பிரிட்டன் விலங்கு நல அமைப்பு ஒன்று தங்கப் பதக்கம் போட்டது. எலி நல்ல எலி, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்காவுக்கு நம் ஊரில் கிடைத்தது சிரிப்புப் பொம்மை.

ஈழம் என்றால் மைக் பிடிப்பதற்கு முன்னாலேயே நமக்குத் தொண்டை அடைத்துவிடும். அங்கிருந்து ஒருத்தி வந்து எதிரில் நின்று ஒரு கேள்வி கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது. கண்ணிவெடியே கூடாது என்கிற 1997 ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கைகூட 2017இல் சேர்ந்துவிட்டது, இந்தியா இன்னும் சேரவில்லை. அதைப் பற்றி மேடையில் மூச்சு உண்டா? நம் ஊர் பெரிய வீடுகளில் நிற்கிற தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது. 2023இல் உலகத்திலேயே அதிகம் பேர் மிதிவெடியில் சிக்கிய நாடு அந்தப் பர்மாதான். தூணைத் தடவி செல்ஃபி எடுக்கிறோமே தவிர இதை யார் பேசினோம்? சரி, எங்கேயோ போகிறேன்.

வியாழக்கிழமை அக்காவைக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் உழுத ஈரம். நான் குறுக்கே நடந்து பம்புசெட்டுக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் சுற்றிக்கொண்டு வருகிறார், என் டிராக்டர் டயர் தடத்திலேயே, ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால். "ஏன்க்கா?" என்றேன். "பழகிப் போச்சுது தம்பி" என்று சிரித்தார்.

வீடியோவை எடுக்கச் சொல்லி நேற்று ராத்திரி குரூப் அட்மினுக்குப் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்திருக்கிறது.