கைரோவுக்குப் போகிறீர்களா? முதலில் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள்

ரீல்ஸில் ஒருவர் படுத்திருப்பவரின் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்புகிறார். மைக்கில் 'படக்' என்று கேட்கிறது. படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். முதுகெலும்பைக் கையால் தள்ளிச் செய்யும் கைரோபிராக்டிக் வைத்தியம் இது, சுருக்கமாகக் கைரோ. அந்த வீடியோவை எனக்கு ஃபார்வர்ட் செய்து, "அண்ணா, பெங்களூர்ல கைரோ பண்றாங்களாமே, அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தருமபுரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட் எழுதுவதும் என் வேலை இல்லை. ஆனாலும் நம் மாவட்டத்து முதுகெலும்புகளைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அவர் முதலில் பார்த்தது முதுகு வலியை இல்லை, காதை. ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளிக்குக் காது சரியாகக் கேட்காது. அவர் முதுகில் ஓர் எலும்பைத் தள்ளினேன், காது கேட்டது என்றார் பால்மர். முதுகெலும்பு இம்மி பிசகினாலும் அதனால்தான் நோயெல்லாம் வருகிறது என்று ஒரு கொள்கையும் வகுத்தார். அந்தக் கொள்கைக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. ஆனால் கையால் முதுகுக்கு ஒரு வேகமான தள்ளு கொடுக்கும் அந்த முறை இடுப்பு வலிக்கு ஓரளவு உதவுகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. சர்க்கரை குறையும், தைராய்டு சரியாகும், ஆஸ்துமா போகும் என்று யாராவது போர்டில் எழுதி வைத்திருந்தால் அது ஆதாரமில்லாத அந்தக் கொள்கை ரகம். அந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

அந்தச் சத்தம் இருக்கிறதே, அதில்தான் பாதி ஜனம் விழுந்துவிடுகிறது. விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று நினைக்கிறார்கள். மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரு முனைகளும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக் குமிழ் உண்டாகிறது, அப்போது எழும் சத்தம் அது. 2015இல் கனடாவில் ஓடிக்கொண்டிருக்கும் எம்.ஆர்.ஐ.க்குள் ஒருவரின் விரலை இழுத்துச் சொடக்கு எடுத்து, அதை அப்படியே படமாகப் பிடித்தார்கள். நாம் விரலில் எடுக்கும் சொடக்கும் அதே சமாச்சாரம்தான். எடுத்த விரலில் உடனே மறுபடி சொடக்கு வராது, கொஞ்ச நேரம் ஆகும், கவனித்திருப்பீர்கள். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்ற கணக்கு கிடையாது. மைக் வைத்து வீடியோ எடுப்பது வியாபாரம்.

சரி, நல்ல இடத்துக்குப் போனால் என்ன நடக்கும்? முதலில் பேச்சு. வலி எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, ராத்திரி எழுப்புகிறதா, விழுந்தீர்களா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள். அப்புறம் படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். சின்ன சுத்தியலால் முழங்காலில் தட்டுவார்கள். பாதத்தில் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பலம் பார்ப்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடுப்பில் அந்தத் தள்ளு. ஒரு நொடி கூட ஆகாது. பெரும்பாலும் வலிக்காது. எழுந்ததும் உடம்பு லேசானது போல இருக்கும். பலருக்கு அன்று சாயங்காலமோ மறுநாளோ அதே இடத்தில் ஒரு வலியும் அலுப்பும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கால் மரத்துப் போனாலோ பலம் குறைந்தாலோ அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு குணம் எதிர்பார்க்கலாம்? புதிதாகப் பிடித்துக்கொண்ட இடுப்பு வலிக்கு இது எந்த அளவு உதவுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. வலிக்கு 100 மார்க் என்று வைத்தால் சுமார் 10 மார்க் குறைகிறது. அவ்வளவுதான். நாள்பட்ட வலியிலும் உடற்பயிற்சி, பிசியோதெரபி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகள் தரும் பலனை ஒட்டித்தான் இதுவும் தருகிறது, அவற்றைத் தாண்டி எதையும் சாதிக்கவில்லை. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் இதைத் தனியாகச் செய்யாதே, உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடு என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலில் இந்த முறைக்கும் இடம் இருக்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறது. நம் ஊரில் குறுக்கு பிடித்தவர் முதலில் வாங்குவதே மெடிக்கலில் தொங்கும் அந்த பெல்ட்டைத்தான்.

'ஜவ்வு விலகிடுச்சு, அதை உள்ளே தள்ளிடுவாங்க' என்று நம்பிப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது அந்த ஜவ்வு, புடைத்திருக்கிறது, 80 வயதில் 84 சதவீதம். ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் இவர்கள். ஸ்கேனில் புடைப்பு தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கையால் தள்ளி அதை உள்ளே அனுப்பவும் முடியாது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

நம் பாறைப் பூமியில் போர் போட்டால் வரும் தண்ணீரில் ஃபுளோரைடு கலந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் போய்ப் படிகிறது. எலும்பு கனக்கிறது, ஆனால் உறுதியாவதில்லை, எளிதில் உடையும் தன்மைதான் கூடுகிறது. எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநார்கள் சுண்ணாம்பேறி இறுகுகின்றன. முதலில் மூட்டு வலி, அப்புறம் இடுப்பு விறைப்பு, அப்புறம் கழுத்து திரும்பாது. முற்றிய நிலையில் தண்டுவடம் போகும் பாதையே குறுகி நரம்பு நசுங்கும். இந்தியாவில் ஃபுளோரோசிஸ் என்னும் இந்த நோயை முதலில் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து சேர்ந்தது 2013இல். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இன்று நாற்பது, ஐம்பது வயதில் 'குறுக்கு வலி' என்று வருகிற ஆட்கள் அவர்கள்தான்.

எங்கள் சொந்தத்தில் பென்னாகரம் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். பின்னால் இருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், மொத்த உடம்போடு திரும்புவார். வயசானதால் அப்படி என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஓசூர் கம்பெனியில் இருக்கும் அவர் மகன் கைரோ வீடியோ பார்த்துவிட்டு பெங்களூரில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டான். போகிற வழியில் என்னிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். "ஏம்பா, ஒரே முறி முறிச்சா சரியாயிடுமாமே?" என்றார் பெரியம்மா. மோவாயை நெஞ்சில் தொடச் சொன்னேன், நான்கு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்து முதுகோடு முன்கையையும் படம் எடுத்தோம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள் இருக்கும், நடுவே மெல்லிய சவ்வு. சாதாரணமாக அந்தச் சவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. அவருக்கு எலும்பின் ஓரத்திலிருந்து முள் முள்ளாக வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. முதுகெலும்போ புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அந்த அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் செய்யச் சொன்னார்.

இப்படி இறுகிப்போன முதுகிலும் கழுத்திலும் வேகமாகத் தள்ளினால் எலும்பு உடையலாம், ஏற்கெனவே நெருக்கத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கு அடி படலாம். வெளியூர் கைரோ ஆட்கள் எத்தனை பேருக்கு இது சட்டென்று தோன்றும்? 'எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீங்க?' என்று கேட்கும் பழக்கம் அங்கே இருக்காது. அதனால் நீங்களே சொல்லுங்கள். 'நான் தருமபுரி மாவட்டம், சின்ன வயசிலிருந்து போர் தண்ணி குடிச்சவன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஃபுளோரோசிஸ் திட்டத்தில் களப்பணியாளர்கள் செய்யும் சோதனைகள்தான் இவை. தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு முழங்கால் மடங்காமல் குனிந்து எடுக்கச் சொல்வார்கள். மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். கைகளை விரித்து மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்வார்கள். கூடவே முன்பற்களையும் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ படுக்கைவாட்டில் பட்டை விழுந்திருந்து, அது தேய்த்தாலும் போகாது என்றால், பல் உருவான சின்ன வயதிலேயே அந்தத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெற்றிலைக் கறை மேலே படியும், இது பல்லுக்குள்ளேயே இருக்கும். இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாமல் போனால் எல்லாமே ஃபுளோரோசிஸ் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கழுத்து விஷயத்தில் நான் இன்னும் கறார். கழுத்தைச் சட்டென்று திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் கழுத்து வலிக்குப் பயிற்சி போன்ற வேறு வழிகள் இருக்கும்போது அந்த அபூர்வத்தை எதற்கு வாங்க வேண்டும்? சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து ஒரு திருகு திருகுவார்களே, அதற்கும் இதையேதான் சொல்வேன். என் தலையை நான் கொடுப்பதில்லை.

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், கைரோவும் இல்லை பிசியோவும் இல்லை. சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் முதுகெலும்பு காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் நாட்டில் அது அரிதானதில்லை. சின்ன வயதுப் பையன் காலையில் எழும்போது கட்டை மாதிரி விறைத்து, நடக்க நடக்கச் சரியாகிறான் என்றால் அது வேறு வகை வாதம், வாத நோய் டாக்டர் பார்க்க வேண்டியது.

மூட்டு வலிக்கு? சுருக்கமாகச் சொல்கிறேன். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசைக்குப் பயிற்சியும் எடைக் குறைப்பும் செய்வதைக் கைரோ செய்யாது. விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் வெகுநேரம் மடங்காமல் இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளே தளர்ந்திருக்கக்கூடும், கழுத்தில் யாரையும் கை வைக்க விடக் கூடாது.

படிப்பு விஷயம். முறையான கைரோபிராக்டர் ஆக குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் சொன்னது. நம் நாட்டில் இவர்களுக்கென்று தனி கவுன்சில் கிடையாது. வார இறுதி கோர்ஸ் முடித்தவரும் போர்டு மாட்டலாம். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் முதுகைக் காட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஓரிடத்தில் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் இருபது சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டார்கள். முதுகு இன்னும் மேஜைக்கே போகவில்லை, இருபது என்று எப்படித் தெரிந்தது? நாலைந்து முறையில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

ஒகேனக்கல் பாறையில் எண்ணெய் தேய்த்து விடும் மசாஜ்காரர் மேல் எனக்கு இவர்களைவிட மரியாதை அதிகம். தொம் தொம்மென்று அடிப்பார், உடம்பு லேசாகும், காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். உன் டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டேன், அடுத்த வாரமும் வா என்று சொல்ல மாட்டார். (கழுத்தை மட்டும் அவரிடமும் கொடுக்காதீர்கள்.)

பெரியம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர் நின்றுவிட்டது, இப்போது ஒகேனக்கல் தண்ணீர்தான். கால்சியம் மாத்திரையும் பிசியோ சொன்ன பயிற்சியும் நடக்கிறது. இறுகிய கழுத்து திரும்பி வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். வலி முன்பைவிடக் குறைவு என்கிறார்.

இன்னும் போர் தண்ணீரே குடிக்கிறவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவு பார்த்துக்கொள்ளலாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோங்கள், கண்ணாடி வேண்டாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். எந்த ஊர், எந்த போர், எத்தனை அடி என்று மேலே ஒட்டிவிடுங்கள்.