சங்கம் விருது கொடுக்க மட்டும் அல்ல

வட்டாரப் பத்திரிகைச் சங்கங்கள் ஆண்டு விழா நடத்தி விருது கொடுப்பதோடு சரி என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனில் 1868-இல் லண்டனுக்கு வெளியே இருந்த பத்திரிகை அதிபர்கள் ஒன்றுகூடித்தான் பிரஸ் அசோசியேஷன் என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தந்தி கம்பெனிகள் கொடுத்த செய்தியில் அவர்களுக்குத் திருப்தி இல்லை. செலவைப் பங்குபோட்டுக்கொண்டு சொந்தமாகவே செய்தி திரட்டினார்கள்.

இன்றைக்கு அதைவிட முக்கியம் வக்கீல் உதவி. நகராட்சி டெண்டரில் முறைகேடு என்று நாலு பேர் வேலை செய்யும் சின்னப் பத்திரிகை எழுதினால் மானநஷ்ட நோட்டீஸ் வந்து நிற்கும். வழக்கில் ஜெயிப்போமா என்பதல்ல, வாய்தாவுக்கு வாய்தா அலைந்து செலவழிக்க முடியுமா என்பதே ஆசிரியரின் கவலை. பலர் அங்கேயே பின்வாங்கிவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன்பே படித்துப் பார்த்து, ‘இந்த வரிக்கு ஆவணம் இருக்கிறதா?’ என்று கேட்க சங்கம் பொதுவாக ஒரு வக்கீலை வைத்துக்கொண்டால் அந்தச் செய்தி துணிந்து வெளியே வரும். பயிற்சி, விளம்பரம் பிடிப்பது எல்லாம் அப்புறம்.

ஒன்று மட்டும். அதிகச் சந்தா கட்டும் பெரிய பத்திரிகைகளே நிர்வாகக் குழுவை நிரப்பிவிடக் கூடாது. சிறியவர்களுக்கும் சமமான ஓட்டு வேண்டும்.