அக்காடியர் வெளியேற்றமும் நில அளவையாளர் சார்லஸ் மோரிஸும்

1755இல், இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நோவா ஸ்கோஷியாவிலிருந்து, அங்கு வேரூன்றிய பிரெஞ்சு வம்சாவளியினரான அக்காடியர்கள் நாடு கடத்தப்பட்டதைப் பற்றிப் பேசுபவர்கள், பழியைத் துணைநிலை ஆளுநர் சார்லஸ் லாரன்ஸ் மீதும், கிரான் ப்ரே தேவாலயத்தில் 418 ஆண்களையும் சிறுவர்களையும் அடைத்துவைத்து வெளியேற்ற அரசாணையை அறிவித்த படை அதிகாரி ஜான் வின்ஸ்லோ மீதும் சுமத்துகிறார்கள். அவர்களோடு சேர்த்து நிறுத்தப்பட வேண்டியவர் சார்லஸ் மோரிஸ் என்பது என் உறுதியான கருத்து.

பாஸ்டனில் பிறந்து, மாசச்சூசெட்ஸ் படையின் கேப்டனாக நோவா ஸ்கோஷியாவுக்கு வந்த மோரிஸ், 1748இல் ஃபண்டி வளைகுடாவை ஒட்டிய ஊர்களை அளந்து, அங்கு வாழ்ந்த அக்காடியக் குடும்பங்களைக் கணக்கெடுத்தார். அடுத்த ஆண்டே தலைமை நில அளவையாளரானார். கடல் ஓதம் புகுந்து வடியும் உவர்ச் சதுப்புகளில் கரை எழுப்பி, மடை அமைத்து, தலைமுறை தலைமுறையாக அவற்றை விளைநிலமாக்கியிருந்த அந்த மக்களின் உழைப்பை அவர் அளவுக்கு நெருங்கிப் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் மிகச் சிலரே. 1755இல் அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையோ, அவர்கள் எந்த வழிகளில் தப்பக்கூடும், எங்கெங்கே காவல் வைக்க வேண்டும், படகுகளை எப்படிக் கைப்பற்றுவது, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குக் கூடும்போது வளைப்பதா அல்லது இரவில் படுக்கையிலேயே பிடிப்பதா என்றெல்லாம் ஆராய்ந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

1755 ஜூலை 28 அன்று நாடு கடத்த முடிவெடுத்த, ஆளுநரின் ஆலோசனை மன்றத்தில் மோரிஸ் அப்போது உறுப்பினர் அல்லர். சட்ட நியாயத்தை எழுதித் தந்தவர் தலைமை நீதிபதி ஜோனதன் பெல்ச்சர். அது பிரிட்டனும் பிரான்ஸும் மோதிய போர்க்காலம், அக்காடியர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள் என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆனால் 1730இல் ஆளுநர் பிலிப்ஸ், ஆயுதம் ஏந்தக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று வாய்மொழியாக அளித்த உறுதியை நம்பியே அவர்கள் பிரமாணம் எடுத்திருந்தார்கள். அந்த உறுதியை மறந்துவிட்டு, தனித்தனி விசாரணை எதுவுமின்றி, குழந்தைகள் உட்பட ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் தண்டித்ததை எந்தப் போரும் நியாயப்படுத்தாது.

அதே ஆண்டு டிசம்பரில் மோரிஸுக்கு ஆலோசனை மன்றத்தில் இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில், காலியான அந்த நிலங்களை நியூ இங்கிலாந்துக் குடியேறிகளுக்கென ஹார்ட்டன், கார்ன்வாலிஸ் போன்ற புதிய ஊர்களாக வகுத்தவரும் அவரே. உடைந்த கரைகளைச் செப்பனிட, சிறைப்பட்டிருந்த அக்காடியர்களே வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். 1764இல், பிரமாணம் எடுத்துச் சிதறி வாழ்வதானால் அக்காடியர்கள் குடியேறலாம் என்று அனுமதி வந்தது. அதே ஆண்டில்தான் மோரிஸ் உச்ச நீதிமன்றத்தில் துணை நீதிபதியாக அமர்த்தப்பட்டார். திரும்பி வந்தவர்களின் பழைய வயல்கள் அதற்குள் பிறர் பெயரில் பதிவாகியிருந்தன.