உதடு குவியாத உகரம்

'உ என்றாலே உதடு குவியும்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது முழுக்கச் சரியல்ல. கண்ணாடி முன் நின்று 'உப்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் உகரத்துக்கு உதடு குவியும். கடைசி உகரத்துக்குக் குவியாது. நாக்கின் பின்பகுதி மேலே எழும்பும், உதடு மட்டும் சும்மா இருக்கும். அதுதான் நம் குற்றியலுகரம், குறுகி அரை மாத்திரை மட்டும் ஒலிக்கும் உகரம். பள்ளியில் விதியை மனப்பாடம் செய்தோமே தவிர, உதட்டை யாரும் கவனிக்கச் சொல்லவில்லை!

மலையாளத்தில் 'நாடு' என்பதன் கடைசி ஒலிக்குச் சந்திரக்கலை என்ற பிறை போன்ற குறியைப் போடுகிறார்கள். துருக்கியில் 1928 எழுத்துச் சீர்திருத்தம் இதே போன்ற ஒலிக்குப் மேலே புள்ளியில்லாத i எழுத்தைக் (ı) கொடுத்தது. கொரிய மொழியில் வெறும் படுக்கைக்கோடு. அப்புறம், நாம் மட்டும் இரண்டு உகரத்துக்கும் ஒரே எழுத்து!