கழுவின கத்தியைத் துடைச்சுட்டு வைங்க, புண்ணியமாப் போகும்!

போன வியாழக்கிழமை கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே, எட்டு மாதத்துக்கு முன்னால் நான் சென்னைக்குச் செய்து அனுப்பிய கத்தி ஸ்டாண்டு. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "அண்ணா, உள்ளே பூசணம் புடிச்சு நாறுது. தேக்குன்னு சொல்லி ஏதோ பெட்டி மரத்தைக் குடுத்துட்டீங்க. பணத்தைத் திருப்பிப் போடுங்க."

பெட்டி மரமாம்! ரம்பத்தை எடுத்து நட்டநடுவில் அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் அதே தேன் நிறம், அதே ரேகை. உள்ளே, கத்தி சொருகும் மூன்று காடிகளிலும் அடியில் விரல் உயரத்துக்குக் கரி பூசினது போல் கருப்பு. ஒரு காடியின் சுவரில் காய்ந்த கொத்தமல்லித் தழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கொத்தமல்லித் தழை! அதாவது கழுவக்கூட இல்லை. சட்னிக்கு நறுக்கிவிட்டு அப்படியே சொருகியிருக்கிறார்கள்.

அந்தக் கருப்பில் பாதி பூசணமே இல்லை. மரத்தில் துவர்ப்புச் சத்து இருக்கிறது, கத்தியில் இரும்பு இருக்கிறது. நடுவில் ஈரம் சேர்ந்தால் மை மாதிரி கருப்பு இறங்கும். கலம்காரிக்காரர்கள் கடுக்காய்த் தண்ணீரில் தோய்த்த துணியில் இரும்புக் கரைசலால் கோடு போட்டுக் கருப்பு வரவைப்பதும் இதே சங்கதிதான். அவர்கள் தெரிந்து செய்கிறார்கள். இவர்கள் என் ஸ்டாண்டுக்குள் தெரியாமல் செய்துவிட்டு என்னைத் திட்டுகிறார்கள்.

"எவர்சில்வர் கத்திதானே, அது எப்படித் துருப்பிடிக்கும்?" என்று அடுத்த கேள்வி வரும். வரும், நூறு தடவை வந்திருக்கிறது. ஐயா, டம்ளரும் கத்தியும் ஒரே இரும்பு இல்லை. நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கத்திக்குக் கூர் நிற்க வேண்டும், அதனால் கார்பனைக் கூட்டுகிறார்கள். சாதாரண சமையல் கத்தியில் குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், நிக்கல் அநேகமாகக் கிடையாது. ராத்திரி முழுக்க ஈரத்தில் நிறுத்தினால் அதுவும் புள்ளிபுள்ளியாகப் பூக்கத்தான் செய்யும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "கட்டையில நாலு ஓட்டை, அதுக்கு 1,800 ரூபாயா?" ஓட்டையா? 20 சென்டிமீட்டர் ஆழம், 5 சென்டிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் இடைவெளி. இதை எந்த டிரில்லில் போடுவீர்கள், சொல்லுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன். பலகைகளைத் தனித்தனியாக இழைத்து, உப்புத்தாள் போட்டு, நடுவில் 4 மில்லிமீட்டர் கனத்தில் மரச் சக்கைகளை வைத்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டுகிற முகத்தை முதலில் தின்னரால் துடைக்க வேண்டும். கிளாம்ப் இறுக்கியதும் பசை காடிக்குள் பிதுங்கும். அது காய்வதற்குள் மூங்கில் சிம்பை விட்டு வழித்தாக வேண்டும், காய்ந்துவிட்டால் அப்புறம் எந்த உளியும் உள்ளே போகாது. உளி போகாத இடத்துக்கு உங்கள் ஸ்பாஞ்ச் மட்டும் போகுமா? வெயிலும் காற்றும்தான் போகுமா? அதற்காகத்தான் காய்ந்த கத்தியை வைக்கச் சொல்கிறேன்.

மேல்பூச்சுக்கு வார்னிஷ் அடிப்பதில்லை. லிக்விட் பாரஃபினும் தேன்மெழுகும் காய்ச்சித் தடவுகிறேன். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாவட்டத்தில் சிக்கு வாடை வரும், பாரஃபினுக்கு அந்தத் தொல்லை இல்லை. என்ன, அது மருந்துக் கடையில் மலச்சிக்கல் மருந்தாக விற்கிறது. பத்து பாட்டில் மொத்தமாக வாங்கும் என்னை அந்தக் கடைப் பையன் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதையும் அந்த 1,800-இல்தான் சேர்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைக்கிறேன். முதலில் பத்து வரி எழுதினேன், யாரும் படிக்கவில்லை. அப்புறம் ஒரே வரி: "கத்தியைத் துடைத்துக் காயவைத்துச் சொருகவும்." சிவப்பு மையில். வாங்கியவர்கள் அனுப்பும் போட்டோவைப் பார்த்தால் ஸ்டாண்டு சிங்கை ஒட்டி நிற்கிறது, குழாய்த் தண்ணீர் தெறித்துக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் என் சீட்டை மடித்து, ஆடாமல் இருக்க ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்திருந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வேறு கூத்து. கோவையில் சுலபமாக வழுக்கிக்கொண்டு போன கத்தி சென்னை அடைமழையில் இறுகிவிடும். மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், நீளவாட்டில் அல்ல, குறுக்குவாட்டில். நம் வீட்டு நிலைக்கதவு மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டால் "மழைக்கு உப்பிடுச்சு" என்று தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறோம். ஸ்டாண்டு இறுகினால் மட்டும் செய்தவன் ஃபிராடு.

சரி, காடியே வேண்டாம், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று காந்த ஸ்டாண்டு செய்தேன். சாய்ந்த பலகை, பின்பக்கமாகக் குடைந்து நியோடைமியம் காந்தம், முன்னால் 2 மில்லிமீட்டர் மரத்தை மட்டும் விட்டு வைத்தேன். கத்தி வெளியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், தானே காய்ந்துவிடும். இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? சொன்னார்கள். "கத்தி பளிச்சுனு வெளிய தெரியுது, வீட்டுக்கு ஆகாதுன்னு அத்தை சொல்றாங்க." ஒருவர் செராமிக் கத்தியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டவில்லை, காந்தம் டூப்ளிகேட் என்று மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். செராமிக் காந்தத்தில் ஒட்டினால் நம் வீட்டு பீங்கான் கப் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் சார்.

ஊரைச் சொல்லி என்ன, என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். அம்மாவுக்காகப் பலா மரத்தில் ஒன்று செய்தேன், விற்பதற்குச் செய்ததைவிடப் பார்த்துப் பார்த்து. இன்றைக்கும் கத்திகள் கரண்டிகளோடு பழைய எவர்சில்வர் டம்ளரில்தான் தலைகீழாக நிற்கின்றன, முனை மழுங்கி. ஸ்டாண்டில் பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலும் இரண்டு ஊதுபத்தியும் இருக்கின்றன. கேட்டால், "ஈரக் கத்திய அதுல வைக்கக் கூடாதுன்னு நீதான கண்ணு சொன்ன?" என்கிறார். என் சீட்டை மதித்த ஒரே ஆள். என்ன செய்ய?

சென்னைக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், அது வேறு விஷயம். நேற்றுச் சாயங்காலம் திருப்பூரிலிருந்து புது ஆர்டர். அளவெல்லாம் சரியாகக் கொடுத்தார், முன்பணமும் போட்டார். "நம்ம ஆள்" என்று மனசு குளிர்ந்தது. போனை வைக்கும் முன் கேட்டார்: "ஒண்ணே ஒண்ணுங்க அண்ணா, அடியில ஒரு ஓட்டை போட்டுக் குடுத்துருங்க. கழுவிட்டு அப்படியே சொருகுனா தண்ணி வடிஞ்சுருமில்லைங்க?"

பலகை பாதி இழைத்தபடி பட்டறையில் கிடக்கிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.